எந்தக் கேரியர், யார் தோள்?

பிரசவத் தேதி நெருங்கும் பெண்களிடையே ஒரு பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அக்காவிடமிருந்து தங்கைக்கு, அலுவலகத் தோழியிடமிருந்து இன்னொரு தோழிக்கு. பழைய வேட்டித்துணி, கொசுவலை, பால் புகட்டும் சங்கு என்று ஒரு காலத்தில் நாலு வரியில் முடிந்த பட்டியல் அது. இப்போது பேபி கேரியர், ஸ்லிங், ஸ்ட்ரோலர், கார் சீட், பவுன்சர் என்று பக்கம் பக்கமாக நீள்கிறது. எல்லாப் பொருளுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி நிற்கிறது: இதில் எது பாதுகாப்பானது? கேட்பவரும் பெண், பதில் சொல்பவரும் பெண். விலை விசாரிக்கும் கணவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எட்டாம் மாதத்து இரவுகளில் தூக்கம் கெட்டுச் சுமக்கும் கணவர்கள் என் கண்ணில் அதிகம் படவில்லை.

ஒரு பொருளை வாங்குவதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது என்று நினைக்கிறேன். தனக்காக எதையும் கேட்க முடியாத ஓர் உயிருக்காக இன்னொருவர் முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்குத் தேவையான தகவல் முழுவதும் அவரிடம் இல்லை. பணமும் அளவானது. முடிவு பிழையானால் விளைவு குழந்தையின் மூச்சுவரை போகலாம்; பழி முடிவெடுத்தவளிடம் வந்து நிற்கும். பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுப்பது என்ன வகையான கடமை? அது யாருடையது? வசதி என்று சொல்லும்போது யாருடைய உடலை மனத்தில் வைத்துச் சொல்கிறோம்?

நம் மொழியிலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். பொறுப்பு, பொறுமை இரண்டும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை. பொறை என்றால் சுமை என்றும் பொருள் உண்டு, பொறுமை என்றும் பொருள் உண்டு. பெண்ணைப் பூமாதேவி என்று புகழும்போது இந்த இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பொறுப்பு அவளிடம் தரப்படுகிறது. அதைப் பற்றி அவள் கேள்வி கேட்டால் பொறுமை இல்லை என்று சொல்லப்படுகிறது. குழந்தையைச் சுமக்கும் கருவிகளைப் பற்றி யோசிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அறிவிலிருந்து தொடங்குவோம். 'இதெல்லாம் சந்தை கிளப்பிவிடும் பயம்' என்று பெண்ணியம் பேசும் நாம் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பயத்தின் ஒரு பகுதி உண்மையானது. பிறந்த குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து வலுவற்றது, மூச்சுக்குழல் குறுகலானது. தலை நிற்க மூன்று நான்கு மாதம் ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். தலை நிற்காத குழந்தை தளர்ந்த துணிக்குள் சுருண்டுகொண்டால் முகவாய் நெஞ்சில் போய் இடிக்கும், மூச்சுப்பாதை மடங்கும். மூக்கும் வாயும் துணியிலோ பெரியவரின் உடம்பிலோ புதைந்துபோகலாம். இதில் கொடுமை என்னவென்றால், மூச்சுத் திணறும் அந்தக் குழந்தை அழாது. தூங்குவது போலவே இருக்கும்.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் வகைத் துணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இவற்றோடு தொடர்புடைய குறைந்தது 14 மரணங்கள் ஆணையத்தின் கவனத்துக்கு வந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைந்தவர்கள். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த, சளி பிடித்திருக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்றும் அது சொன்னது. அதே மாதத்தில், பை போன்று ஆழமாகத் தொங்கும் ஒரு வகை ஸ்லிங் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் அளவில் திரும்பப் பெறப்பட்டது.

இதன்பின் பரவலான சோதனை முறை எளிமையானது. எந்த நாட்டுத் துணிக்கும், எந்த விலைக் கேரியருக்கும் பொருந்தும். துணி தளராமல் குழந்தையை நம் மார்போடு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் முகம் முழுதாகத் தெரிய வேண்டும். தலையைச் சாய்த்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் நம் ஒரு விரலாவது நுழைய வேண்டும். முதுகு வளைந்து மடியாமல் தாங்கப்பட வேண்டும். இந்த ஐந்தும் சரியாக இருந்தால் சாதாரணப் பருத்தித் துணியும் போதும். இல்லையென்றால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் பயனில்லை. தலை நிற்காத குழந்தையை வெளிப்பக்கம் பார்த்தபடியும் முதுகிலும் கட்டக்கூடாது. கட்டிக்கொண்டு அடுப்பருகே நிற்கக்கூடாது, சுடச்சுடக் காபி குடிக்கக்கூடாது.

அடுத்தது இடுப்பு. பிறந்த குழந்தையின் தொடை எலும்பின் பந்தும் அது பொருந்தும் கிண்ணமும் இன்னும் இளசு. கால்கள் தவளையைப் போல் மடங்கி விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயரமாக இருக்கும்போதுதான் அந்த மூட்டு நன்றாக அமைகிறது. கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கமுள்ள சமூகங்களில் இடுப்பு மூட்டு விலகல் கூடுதலாகக் காணப்பட்டது. ஜப்பானில் 1970களில், குழந்தைகளின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு தழுவிய பிரச்சாரம் நடந்தது. அதன்பின் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. ஆகவே கால்களைக் கீழே தொங்கவிடும் குறுகலான கேரியரைவிட, ஒரு முழங்காலின் பின்புறத்திலிருந்து இன்னொன்று வரை துணி தாங்கும் அகலமான இருக்கை நல்லது. வளர்ந்த குழந்தையை நம் பெண்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளும்போது அதன் கால்கள் இப்படித்தான் விரிந்து அணைத்திருக்கும்.

இதுவரை சொன்னது குழந்தையின் உடல். பட்டியல்களும் இத்தோடு நின்றுவிடுகின்றன. சுமக்கும் உடலைப் பற்றி அவற்றில் ஒரு வரி இருப்பதில்லை.

பச்சை உடம்புக்காரி என்று பிரசவித்தவளைச் சொல்கிறோம். அந்தச் சொல் அவள் உடல் இன்னும் ஆறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். கிட்டத்தட்ட இரண்டில் ஒருத்தி அடிவயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறாள். எடையை இடுப்புக்கு இறக்கும் அகலப் பட்டைதான் முதுகுக்கு நல்லது என்று எல்லா விளம்பரமும் சொல்கிறது. அந்தப் பட்டை சரியாகத் தையலின் மேல் வந்து அழுத்தும். அவளுக்கு முதல் வாரங்களில் பட்டையை மார்புக்குக் கீழே உயர்த்திக் கட்டலாம், இரு தோளிலும் எடையைப் பரப்பும் நீளத் துணியைச் சுற்றலாம். எல்லாவற்றையும்விட நல்லது, அந்த வாரங்களில் குழந்தையை வேறு யாராவது சுமப்பது. சுகப்பிரசவமானவளுக்கும் இடுப்புக்குழித் தசைகள் பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் வேண்டும். பால் கட்டிய மார்பின் மேல் இறுகும் பட்டை வலியைத் தரும். சென்னையின் மே மாத வெயிலில், குளிர்நாட்டுக்கென்று பஞ்சு வைத்துத் தைத்த கேரியருக்குள் இரண்டு உடல்களின் சூடும் சேர்ந்து தேங்கும். மெல்லிய பருத்தியைத் தேட இதுவே போதுமான காரணம்.

தன் முதுகு வலிக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு கேரியரை வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு உள்ளே ஒரு கூச்சம் வருகிறது. குழந்தைக்கு நல்லது என்றால் எனக்கு வலித்தால் என்ன என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். இதைத் தியாகம் என்று நாம் கொண்டாடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். முதுகு விட்டுப்போனவள் தடுமாறுகிறாள், குனியும்போது பிடி தளர்கிறது, களைப்பில் உட்கார்ந்தபடியே கண் அயர்கிறாள். அவள் வசதி குழந்தையின் பாதுகாப்புக்குள்ளேயே இருக்கிறது. அப்படி இல்லாவிட்டாலும்கூட, அவள் வலி அவள் வலி என்பதற்காகவே கணக்கில் வரவேண்டும். தாயின் உடல் குழந்தைக்கான சாதனங்களில் ஒன்றல்ல. இந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் நமக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சுமக்கும் துணிக்கு நீண்ட வரலாறு உண்டு. மனிதர் செய்த முதல் கருவி எது என்றால் கல்லாயுதத்தைக் காட்டுவார்கள். நான்சி டானர், ஏட்ரியன் சில்மன் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் 1976இல் எழுதிய கட்டுரையில் வேறொரு வாதத்தை வைத்தார்கள். உணவு சேகரிக்கப் போன பெண்கள் குழந்தையையும் கிழங்கையும் சுமக்கச் செய்துகொண்ட தூக்கும் பைகள்தாம் மிகத் தொடக்கக் கருவிகளில் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். மனிதக் குழந்தை குரங்குக்குட்டியைப் போல் தாயின் ரோமத்தைப் பற்றிக்கொள்ளாது. தாய்க்கும் ரோமம் இல்லை. கல் மண்ணில் மிஞ்சியது, தோலும் நாரும் மக்கிப்போயின. மிஞ்சியதை வைத்து எழுதிய வரலாறு வேட்டைக்காரனின் வரலாறு ஆயிற்று.

மக்கிப்போகாத காலத்திலும் அந்த அறிவுக்குப் பெண்களின் பெயர் கிடைக்கவில்லை. ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1960களின் தொடக்கத்தில் அமைதிப்படைத் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் பணியாற்றினார். அங்கே தாய்மார்கள் முதுகில் கட்டியிருந்த குழந்தைகள் அமைதியாக இருப்பதைக் கண்டார். ஊர் திரும்பித் தன் மகளை அப்படிக் கட்டிப் பார்த்தார், குழந்தை வழுக்கியது. அவருடைய அம்மா லூசி ஆக்கர்மன் பட்டைகள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். 'ஸ்னக்லி' என்ற பெயரில் அது 1969இல் காப்புரிமை பெற்றது. அந்த இரு பெண்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. டோகோவின் பெண்களுக்கு அதில் எந்தக் காப்புரிமையும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த அறிவு இருந்துகொண்டே இருக்கிறது. மிசோரத்திலும் நாகாலாந்திலும் பெண்கள் தறியில் நெய்த துணியால் குழந்தையை முதுகில் கட்டிக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் நரிக்குறவப் பெண்கள் தோளில் குறுக்காகக் கட்டிய துணியில் குழந்தையோடு பாசிமணி விற்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'ஐயோ, பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு அலைகிறாளே' என்று பரிதாபப்படும் கண்கள்தாம், வணிக வளாகத்தில் ஐயாயிரம் ரூபாய்க் கேரியரோடு நடப்பவளை நவீனத் தாய் என்று பார்க்கின்றன. இருவரும் செய்வது ஒரே வேலை. ஒருத்திக்கு அது தேர்வு, இன்னொருத்திக்கு வேறு வழியின்மை என்று பார்ப்பவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இதனால் பாரம்பரியத்துக்கு நான் கோவில் கட்டவில்லை. தூளி நமக்கு அன்பான சொல். ஆனால் தலை நிற்காத குழந்தை தூளியில் வளைந்து படுக்கும்போது, மேலே சொன்ன அதே முகவாய் நெஞ்சில் இடிக்கும் அபாயம் இருக்கிறது. துணி இரு பக்கமும் மூடிக்கொள்வதால் முகமும் தெரியாது. துணியை விரித்துப்பிடிக்க நடுவில் ஒரு கட்டையைக் கொடுக்கும் வழக்கம் அந்த அபாயத்தை அறிந்த கைகள் கண்டுபிடித்ததாகத்தான் இருக்கும். வளர்ந்த பிள்ளைகள் சேலைத் தூளியில் சுற்றி விளையாடி, கழுத்து இறுகி இறந்த செய்திகளை நாம் நாளிதழில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். குழந்தை தூங்கச் சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கப் படுப்பதே நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் முடிவு. வேறிடத்தில் பாரம்பரியம் சரியாகவும் இருந்திருக்கிறது. மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டியைக் குழந்தை நின்று தானே தள்ளும். உள்ளே உட்காரவைத்து உருளவிடும் வாக்கர் அப்படியல்ல. குழந்தை படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபடுவதற்குப் பேர்போன அந்த வாக்கரின் விற்பனையைக் கனடா 2004இல் தடை செய்தது. நம் கடைகளில் இன்றும் அது தொங்குகிறது.

சந்தைக்கும் கோவில் கட்ட முடியாது. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுத் தொட்டில் 2009இல் விற்பனைக்கு வந்தது. பெரிய பெயர், அழகான பெட்டி. வாங்கியவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர், அக்கறையால்தான் வாங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணங்கள் பதிவான பிறகு, 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 2022 மே மாதம் அமெரிக்கா குழந்தைகளுக்கான சாய்வுத் தொட்டில்களையே சட்டத்தால் தடை செய்தது. இங்கே தடுமாறிய தாயைக் கண்டுபிடிக்க முடியுமா? எந்தத் தாயும் தன் கூடத்தில் சாய்வுக் கோணத்தை அளந்து, நூறு குழந்தைகளின் மூச்சை ஒப்பிட்டு, முடிவுக்கு வந்திருக்க முடியாது. கடையில் பத்துப் பொருளை அடுக்கிவைத்து 'பாதுகாப்பானதைத் தேர்ந்தெடு' என்று சொல்வது, அந்தப் பத்தில் ஆபத்தானதும் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கும் வேலையை அவள் தலையில் கட்டுவது.

அரசியல் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங், அவர் மறைவுக்குப்பின் 2011இல் வெளிவந்த நூலில், பழியையும் பொறுப்பையும் பிரித்துக் காட்டினார். பழி பின்னோக்கிப் பார்க்கிறது, ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கிறது, ஓர் அமைப்பில் பங்குள்ள எல்லோரும் சேர்ந்து அதை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. குழந்தைப் பொருள்களின் விஷயத்தில் நாம் தலைகீழாக நடக்கிறோம். நடந்தபின் பழி தாய்க்கு, நடக்கும்முன் பொறுப்பும் தாய்க்கு. தயாரித்தவர், சோதிக்க வேண்டியவர், அனுமதித்தவர், பக்கத்தில் படுத்திருக்கும் அப்பா எல்லோரும் பார்வையாளர்கள்.

நம் தெருவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை செய்யும் பயணங்களில் பல இருசக்கர வாகனத்தில்தான். கணவர் ஓட்ட, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையையும் மறுகையால் கம்பியையும் பிடித்தபடி அவள் தடுப்பூசிக்குப் போகிறாள். கேரியரில் கட்டிக்கொண்டால் கைகள் விடுபடும், ஆனால் விபத்தில் எந்தத் துணிக் கேரியரும் காப்பாற்றாது. அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. காரில் குழந்தைக்குத் தகுந்த இருக்கை அல்லது பட்டை இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது. இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் முதல் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2022இல் விதி வந்தது. தலைக்கவசமே போட முடியாத ஒரு மாதக் குழந்தையை என்ன செய்வது? நேர்மையான பதில், வண்டியில் ஏற்றாமல் இருப்பது. கார் இல்லாத வீட்டில் அந்தப் பதிலைத் தாயால் மட்டும் நிறைவேற்ற முடியாது. நடக்கும் தூரத்தில் சுகாதார நிலையம் வேண்டும், ஏறி உட்கார இடமுள்ள பேருந்து வேண்டும்.

இப்படிப்பட்ட பதில்களை நம் சமூகம் சில சமயம் தந்தும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவித்தவளைக் குழந்தையோடு வீட்டில் கொண்டுபோய் விடும் 102 தாய் சேய் நல ஊர்தி ஒன்று. 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் இன்னொன்று. அதன் 16 பொருள்களில் குழந்தைக்கு மெத்தையும் கொசுவலையும் இருந்தன, தாய்க்கு லேகியமும் இருந்தது. பட்டியலில் தாயின் உடலுக்கும் ஓர் இடம் கொடுத்ததற்காக எனக்கு அந்தப் பெட்டகம் பிடிக்கும். பால்புட்டி விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. புட்டியை வாங்காதே என்று ஒவ்வொரு தாய்க்கும் உபதேசம் செய்வதோடு நிற்காமல், விற்பவரின் வாயைக் கட்டிய சட்டம் அது. கேரியருக்கும் வாக்கருக்கும் தொட்டிலுக்கும் இதே தர்க்கம் செல்லும்.

இனி, சுமப்பது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், மருத்துவர் எட்கர் ரேய் சனாப்ரியா எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்று அது உலகெங்கும் பரவியது. டெல்லியின் ஒரு மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே இதைத் தொடங்கிய குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலைமை சீரானபின் தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். ஒரு துணியும் ஒரு மார்பும் செய்த வேலை இது. 'தூக்கித் தூக்கிப் பழக்காதே, கைச்சூடு பழகிவிடும்' என்று மிரட்டப்படும் தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கூடுதலாகத் தூக்கிவைத்திருந்த குழந்தைகள் ஆறு வார வயதில் 43 சதவீதம் குறைவாக அழுததாக 1986இல் கனடாவில் ஓர் ஆய்வும் காட்டியது.

ஆனால் அந்த 2021 ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை ஒருவர் மார்பில் இருந்த நேரம் நாளொன்றுக்குச் சுமார் 17 மணி. பிரசவித்த ஒருத்தி 17 மணி நேரம் அசையாமல் குழந்தையை ஏந்தியிருக்க, அவளுக்குச் சோறு யார் ஊட்டியது? கழிவறைக்கு எழுந்தபோது யார் வாங்கிக்கொண்டது? ஆய்விலேயே விடை உண்டு: தாய்க்குப் பதிலாகக் குடும்பத்தில் இன்னொருவரும் மார்பில் வைத்துக்கொண்டார். தோலின் சூட்டுக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை. பாலூட்டுவதைத் தவிர மற்ற எல்லாச் சுமத்தலையும் இன்னொருவர் செய்ய முடியும். தத்துவ அறிஞர் ஈவா கிட்டே 1999இல் எழுதிய நூலில், பிறரைக் கவனித்துக்கொள்பவரைக் கவனித்துக்கொள்வது சமூகத்தின் நீதிக் கடமை என்று வாதிட்டார். பிரசவித்த தாயைத் துணையாளர் பார்த்துக்கொள்ள, அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் எடுத்துக்கொண்ட உருவகம். சுமப்பவளையும் யாராவது சுமக்க வேண்டும்.

கேரியர் விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாக்குறுதி, 'உங்கள் இரு கைகளும் விடுபடும்'. எதற்காக விடுபடும் என்று கேட்டுப் பாருங்கள். பாத்திரம் துலக்க, துணி மடிக்க, மடிக்கணினியில் அலுவலக வேலையை முடிக்க. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். குழந்தையை மார்பில் கட்டிய பிறகும் அந்த 299 நிமிடம் அப்படியே இருந்தால், கேரியர் அவளுக்கு இரண்டாவது வேலையைச் செய்ய வசதி செய்துகொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் தங்கை கணவர் மாலையில் மகளைத் துணியில் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். பால் வாங்கப் போவார், திரும்பி வருவார். எதிர்வீட்டு அம்மா, 'பாவம், அந்தத் தம்பியே தூக்கிக்கிட்டுப் போகுது' என்றார். பகல் முழுதும் தூக்கிவைத்திருந்த என் தங்கையை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. அவள் சுமந்தால் இயல்பு, அவர் சுமந்தால் பரிதாபம் அல்லது பாராட்டு. இந்தப் பார்வை சட்டத்திலும் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. தந்தைக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாளும் இருக்கவில்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்குத் தனி விதியில் 15 நாள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. ஆண்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்களுக்குக் குழந்தை இருப்பதாக அந்தச் சட்டம் நினைக்கவில்லை. ஐம்பதைத் தொடாத இடத்தில் சித்தாள் வேலை செய்யும் பெண் வேப்பமரக் கிளையில் தூளி கட்டிவிட்டுக் கல் சுமக்கப் போகிறாள். அவளிடம் போய் எது பாதுகாப்பானது என்று கேட்க நமக்கு வாய் வருமா?

பட்டியலைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. அதன் வரிசையை மாற்றலாம் என்கிறேன். முதல் வரியில் பொருளின் பெயருக்குப் பதிலாக ஆட்களின் பெயர் வரட்டும்: முதல் நாற்பது நாளில் பகலில் யார் தூக்குவார்கள், இரவில் யார், அம்மா குளிக்கும்போது யார். அந்தப் பெயர்களில் அப்பாவின் பெயர் இருந்தால், வாங்கும் கேரியர் அவர் உடம்புக்கும் அளவு மாற்றிக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும்; மேலே சொன்ன ஐந்து சோதனையும் அவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அவளுக்குத் தையல் ஆறும் வரை எடை ஏறக்கூடாது என்றால் அதையும் எழுதிவைக்க வேண்டும். பிறகு, மெல்லிய துணியா பட்டை வைத்ததா என்று கடையில் பார்த்துக்கொள்ளலாம். அது அரை மணி நேர வேலை. பெயர்களை நிரப்புவது அதைவிடக் கடினம். பல வீடுகளில் அங்கேதான் முதல் சண்டை வரும். அந்தச் சண்டையைக் குழந்தை பிறக்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது.